இறக்கிய ஸிப், ரார் கோப்புகள் திறக்கவில்லையா? மென்பொருளைத் தேடுமுன் கோப்பின் அளவைப் பாருங்கள்

கேள்வி இதுதான். இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், கடந்தகால வினாத்தாள்கள், புள்ளியிடும் திட்டங்கள், பாட வீடியோக்கள் என்று பல பொதிகளை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஸிப், ரார் கோப்புகளை, இறக்கியிருக்கிறார். கூகுள் டிரைவில் இருந்த ஒரு போல்டர் 001, 002, 003 என்று மூன்று ஸிப்பாக வந்தது. இரண்டு திறக்கிறது, மூன்றாவது திறக்கவில்லை. ஒரு ரார் கோப்பை டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடையில் திறக்கப் போனால், வடிவம் தெரியவில்லை அல்லது கோப்பு பழுது என்கிறது. இன்னொரு ஸிப்பின் அளவு 38 கேபி மட்டுமே. திறந்த பொதிகளிலும் சில வேர்ட் கோப்புகளில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறிகளும் நிற்கின்றன. லெப்டொப்பில் இருப்பது விண்டோஸ் 10. எந்த மென்பொருளைப் போட்டால் எல்லாம் திறக்கும் என்று கேட்கிறார்.

டீச்சர், நீங்கள் சொன்ன நான்கு பிரச்சினைகளில் மென்பொருளால் தீர்வது ஒன்றே ஒன்று, அந்த ரார். மற்ற மூன்றுக்கும் எத்தனை மென்பொருள் மாற்றினாலும் பலன் வராது. மலைக்குப் பின்னால் சிக்னல் ஒளிந்து விளையாடும் இடங்களில் ‘திறக்கவில்லை’ என்று சொல்லப்படும் பொதிகளில் பெரும்பாலானவை முழுதாக வந்துசேராதவை. ஆகவே எதையும் நிறுவுமுன் கோப்பு முழுதாக வந்ததா என்று பாருங்கள்.

கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்தால் ‘சைஸ்’ என்ற வரியில் எம்பியும், அடைப்புக்குள் பைட் கணக்கும் இருக்கும். அதை இறக்கிய பக்கத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரலாம். சில தளங்கள் 10 இலட்சம் பைட்டை ஒரு எம்பி என்று எண்ணும். விண்டோஸோ ஒரு எம்பி என்று 10,48,576 பைட்டை எண்ணும். அதனால் தளத்தில் 700 எம்பி என்றிருப்பது விண்டோஸில் 667 எம்பி என்று தெரிந்தால் ஒன்றும் குறையவில்லை. 700 இருக்க வேண்டியது 412 என்று நின்றால் அது பாதிக் கோப்பு. கோப்பின் பெயர் ‘சிஆர்டவுன்லோட்’ என்று முடிந்தால் குரோமும், ‘பார்ட்’ என்று மட்டும் முடிந்தால் பயர்பொக்ஸும் அதை இன்னும் இறக்கி முடிக்கவில்லை என்று பொருள். அந்த முடிவை அழித்துவிட்டு ஸிப் என்று பெயர் மாற்றுவதால் மீதி வந்துவிடாது.

பாதி வந்தால் பாதியாவது திறக்க வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸிப்பின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விடை விளங்கும். பில் காட்ஸ் என்பவர் 1989இல் கொண்டுவந்த இந்த வடிவத்தில், பொதிக்குள் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் பொதியின் கடைசியில் எழுதப்படும். விண்டோஸ் அந்தக் கடைசிப் பட்டியலைத் தேடித்தான் பொதியைத் திறக்கிறது. 99 வீதம் இறங்கிய நிலையில் கரண்ட் போனாலும் பட்டியல் வந்திருக்காது. ‘இன்வாலிட்’ என்று ஒரே சொல்லில் மறுத்துவிடும். 7-ஸிப் என்ற மென்பொருள் கட்டும் செவன்ஸெட் பொதியும் இப்படித்தான், தலைப்பு விவரம் கடைசியில். ரார் வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் விவரமும் அந்தக் கோப்புக்கு முன்னாலேயே இருப்பதால், பாதியில் நின்ற ராரிலிருந்து முன்னால் வந்த கோப்புகளை எடுக்கலாம். எல்லாக் கோப்புகளையும் ஒரே தொடராகச் சுருக்கும் ‘சொலிட்’ முறையில் கட்டிய ராரில், பழுதான இடத்துக்குப் பின்னால் உள்ள எதுவும் வராது.

உங்கள் 003 ஸிப் இப்படிப் பாதியில் நின்ற வகைதான் என்று நினைக்கிறேன். கூகுள் டிரைவ் ஒரு போல்டரைத் தரும்போது அந்த நேரத்திலேயே பொதி கட்டி, ஏறத்தாழ 2 ஜிபிக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்புகிறது. பொதி கட்டிக்கொண்டே அனுப்புவதால் மொத்த அளவு எவ்வளவு என்று பிரவுசருக்கு முன்கூட்டித் தெரியாது. இடையில் லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் பெரும்பாலும் முடியாது. முதலிலிருந்து இறக்க வேண்டியதுதான். 2 ஜிபி டேட்டா இப்படி வீணாவது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. டிரைவ் தரும் 001, 002, 003 என்பவை ஒன்றோடொன்று கோத்த துண்டுகள் அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனி முழு ஸிப். 003 பழுதானாலும் 001, 002 இரண்டையும் பிரித்து எடுக்கலாம். மூன்றையும் ஒரே போல்டருக்குள் பிரித்தால் உள்ளே இருக்கும் போல்டர்கள் தாமாக ஒன்றுசேரும். முதலிரண்டையும் பிரித்த பிறகு, டிரைவில் உள்ள பட்டியலைப் பார்த்து எவை குறைகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்புகளை மட்டும் டிரைவுக்குள் போய் ஒவ்வொன்றாக இறக்குங்கள். தனிக் கோப்பாக இறக்கும்போது அளவு முன்கூட்டித் தெரியும், இடையில் நின்றாலும் ‘ரெசியூம்’ கொடுத்துத் தொடர வாய்ப்புண்டு. பெரிய வீடியோக்கள் சில வேளைகளில் பொதிக்கு வெளியே தனியாகவே இறங்கியிருக்கும். ‘டவுன்லோட்ஸ்’ போல்டரை ஒரு முறை நன்றாகப் பாருங்கள், ஏற்கெனவே வந்ததை மறுபடி இறக்கிவிடாதீர்கள்.

பெரிய கோப்புகளை எப்போதும் இரவு நேர டேட்டாவில் இறக்குபவர்கள் ஒரு டவுன்லோட் மேனேஜரை வைத்துக்கொள்வது நல்லது. ‘ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர்’ இலவசம். தளத்தின் சேவையகம் இடமளித்தால், சிக்னல் போய் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரும். லெப்டொப் தூங்கிப் போகாதபடி ‘பவர்’ அமைப்பில் ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். போனிலிருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்தால், யாரும் இணைக்காத நேரத்தில் ஹொட்ஸ்பொட் தானாக அணையும் அமைப்பையும், போனின் பேட்டரி சேமிப்பையும் நிறுத்திவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு அணைந்த ஹொட்ஸ்பொட்டைக் காலையில்தான் காண்போம்.

இனி 38 கேபி ஸிப். வினாத்தாள் தொகுப்பு ஒன்று 38 கேபியில் அடங்காது. அது பொதியே இல்லை, ஸிப் என்ற பெயரில் சேமிக்கப்பட்ட இணையப் பக்கம். லொகின் கேட்கும் தளத்தில் லொகின் செய்யாமல் இறக்கினால், கோப்புக்குப் பதில் அந்த லொகின் பக்கமே வந்து உட்கார்ந்துகொள்ளும். இணைப்பு காலாவதியானாலும், ஒரே நாளில் பலர் இறக்கியதால் தளம் மறுத்தாலும் இதே கதைதான். உறுதிப்படுத்துவது சுலபம்: கோப்பை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். உண்மையான ஸிப் ‘பீ, கே’ என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்தில் தொடங்கும், அவை காட்ஸின் முதலெழுத்துகள். ரார் என்றால் ரார் என்ற சொல்லே ஓர் ஆச்சரியக்குறியோடு நிற்கும். செவன்ஸெட் என்றால் 7 என்ற எண்ணும் ஸெட் எழுத்தும். பின்னால் வரும் குப்பை எழுத்துகளைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் முதல் வரியிலேயே ‘எச்டிஎம்எல்’ என்ற சொல் கண்ணில் பட்டால் அது இணையப் பக்கம்; அழித்துவிட்டு, லொகின் செய்து மீண்டும் இறக்குங்கள். நூற்றுக்கணக்கான எம்பி உள்ள கோப்பை நோட்பேடில் திறக்க முயல வேண்டாம், லெப்டொப் திணறும். இந்தச் சோதனை சின்னக் கோப்புகளுக்கு.

இந்தப் பார்வையில் இன்னொன்றும் பிடிபடும். சில பிரவுசர்கள் வேர்ட் கோப்பையே ஸிப் என்று பெயரிட்டுச் சேமித்துவிடும். புதிய வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் கோப்புகள், ஈபப் புத்தகங்கள், ஆண்ட்ரொய்ட் செயலியை நிறுவும் ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஸிப் பொதிகள்தாம், அதனால் பிரவுசருக்கு மயக்கம். ஸிப்பைத் திறந்ததும் வினாத்தாளுக்குப் பதில் ‘வேர்ட்’ என்றொரு போல்டரும் ‘எக்ஸ்எம்எல்’ என்று முடியும் கோப்புகளும் தெரிந்தால் பிரிக்காதீர்கள். பெயரின் முடிவை ஸிப்பிலிருந்து ‘டொக்எக்ஸ்’ ஆக மாற்றினால் நேராக வேர்டில் திறக்கும்.

இப்போது மென்பொருள். விண்டோஸ் 10 தானாகத் திறப்பது ஸிப்பை மட்டும். விண்டோஸ் 11இல் 2023 கடைசியிலிருந்து ராரும் செவன்ஸெட்டும் திறக்க வழி வந்தது. உங்களுக்கு வேண்டியது ‘7-ஸிப்’. இகோர் பவ்லோவ் 1999இலிருந்து இலவசமாகத் தருவது, நிறுவும் கோப்பு 2 எம்பியைக்கூடத் தொடாது, பழைய லெப்டொப்புக்குப் பாரமில்லை. அதன் சொந்தத் தளத்தின் முகவரி 7, சிறுகோடு, ஸிப் என்று வந்து ‘ஓஆர்ஜி’ என்று முடியும். ‘கொம்’ என்று முடியும் தளம் தேடலில் வந்தால் மூடிவிடுங்கள்.

கடையில் உங்கள் ரார் திறக்காததன் காரணம் பெரும்பாலும் அங்கே இருந்த வின்ரார் பழையது என்பதுதான். 2013இல் வின்ரார் 5 வந்தபோது ரார் வடிவமே மாறியது. அதற்கு முந்திய வின்ரார் புதிய வடிவத்தைக் கண்டால், தனக்குத் தெரியவில்லை என்று சொல்லத் தெரியாமல் ‘தெரியாத வடிவம் அல்லது பழுது’ என்கிறது. கோப்பில் குற்றமில்லை. வின்ரார் 40 நாள் பரிசோதனைக் காலம் முடிந்ததும் காசு கேட்கும் செய்தியைக் காட்டுமே தவிர நின்றுவிடாது. அதனாலேயே பத்து வருடம் பழைய பதிப்பை யாரும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். இதில் ஆபத்தும் உண்டு, கீழே சொல்கிறேன். 7-ஸிப்பில் அந்த ரார் திறக்கும். ஆனால் 7-ஸிப்பால் ராரைப் பிரிக்க மட்டுமே முடியும், ராராகக் கட்ட முடியாது.

போனில் ஸிப் மட்டும் போதுமென்றால் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ போதும். ரார், செவன்ஸெட் வேண்டுமென்றால் ‘ஸெட்ஆர்க்கைவர்’ அல்லது வின்ரார் நிறுவனமே தரும் ‘ரார்’ செயலி. இரண்டும் பிளே ஸ்டோரில் இலவசம். புதிய ஆண்ட்ரொய்டில் இவை எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும். மறுத்துவிட்டால் ‘டவுன்லோட்ஸ்’ போல்டர் வெறுமையாகத் தெரியும், பிள்ளைகள் கோப்பு காணாமல் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஐபோனில் 2019இன் ஐஓஎஸ் 13இலிருந்து ‘ஃபைல்ஸ்’ செயலியில் ஸிப்பை ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும்.

பிரிக்கும் முறையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், தவறு அதிகம் நடக்குமிடம் இது. விண்டோஸில் ஸிப்பை இரட்டைக் கிளிக் செய்தால் சாதாரணப் போல்டர் போல உள்ளே எல்லாம் தெரியும். அப்படியே ஒரு வேர்ட் கோப்பைத் திறந்து, கேள்விகளைத் திருத்தி, சேமித்து மூடுவார்கள். அடுத்த நாள் திருத்தம் ஒன்றும் இராது. பொதிக்குள்ளிருந்து திறந்த கோப்பை விண்டோஸ் ஒரு தற்காலிக இடத்தில் வைத்துக் காட்டுகிறது, அங்கே செய்த மாற்றம் பொதிக்குத் திரும்புவதில்லை. பாட மென்பொருள்களின் நிறுவும் கோப்பை இப்படித் திறந்தால், பக்கத்தில் இருக்க வேண்டிய துணைக் கோப்புகள் கிடைக்காமல் ஏதோ ஒன்று குறைகிறது என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே முதலில் முழுதாகப் பிரியுங்கள்: வலது கிளிக், 7-ஸிப், பிறகு ‘எக்ஸ்ட்ராக்ட் டு’ என்று பொதியின் பெயரோடு வரும் வரி. ‘எக்ஸ்ட்ராக்ட் ஹியர்’ கொடுத்தால் பொதிக்குள் தனிப் போல்டர் இல்லாதபோது நூறு வினாத்தாளும் டெஸ்க்டொப்பில் சிதறிக் கிடக்கும்.

இடம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். 2 ஜிபி பொதியைப் பிரித்தால் பொதியும் இருக்கும், பிரிந்த கோப்புகளும் இருக்கும். குறைந்தது 4 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கட்டும். 7-ஸிப் ஜன்னலிலிருந்து கோப்பை இழுத்து வெளியே போட்டால் அது முதலில் சி டிரைவின் தற்காலிக இடத்தில் பிரித்து, அதன் பிறகே நீங்கள் காட்டிய இடத்துக்கு நகல் எடுக்கும். சி டிரைவ் நிறைந்த லெப்டொப்பில் இது பாதியில் முறியும். இழுக்காமல் ‘எக்ஸ்ட்ராக்ட்’ பொத்தானை அழுத்தி இடத்தைக் காட்டினால் நேரடியாக அங்கேயே பிரிக்கும். பென்டிரைவில் 10 ஜிபி காலியாக இருந்தும் ஒரு பெரிய வீடியோ மட்டும் பிரியாமல் நின்றால், அந்தப் பென்டிரைவ் ‘ஃபட்32’ என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கிறது. அதில் எந்தத் தனிக் கோப்பும் 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளே இருப்பதையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ‘எக்ஸ்ஃபட்’ ஆக ஃபோர்மட் செய்தால் தீர்ந்தது.

தமிழ்ப் பெயர் உள்ள கோப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்று. விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதையும், அதாவது டிரைவ், போல்டர்கள், கோப்பின் பெயர் எல்லாம் சேர்ந்து, வழக்கமாக 260 குறிகளைத் தாண்டக்கூடாது. தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். ‘பௌதிகவியல்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஆறெழுத்து, கணினிக்குப் பத்துக் குறி. பாடம், ஆண்டு, பகுதி, வலயம் என்று நீளமாகப் பெயரிட்ட போல்டருக்குள் போல்டராக வைத்திருந்தால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். ‘பாதை மிக நீளம்’ என்ற பொருளில் செய்தி வரும், அல்லது சில கோப்புகள் மட்டும் பிரியாமல் போகும். சி டிரைவில் ஒற்றை ஆங்கில எழுத்தில் ஒரு போல்டர் திறந்து அதற்குள் பிரியுங்கள். போனில் கணக்கு இன்னும் இறுக்கம்: ஒரு பெயருக்கு 255 பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆகவே 85 குறிக்குமேல் போக முடியாது. லெப்டொப்பில் பிரிந்த பொதி போனில் பிரியாமல் நிற்க இதுவும் ஒரு காரணம்.

பிரித்த பிறகு பெயர்கள் கேள்விக்குறிகளாக நின்றால், பழைய மென்பொருளில் கட்டிய பொதி அது. ஸிப்பில் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) பெயருக்கான அடையாளம் 2006இல்தான் சேர்ந்தது. அதற்கு முன்னைய முறையில் தமிழுக்கோ சிங்களத்துக்கோ இடமே இருக்கவில்லை. கேள்விக்குறியாகிவிட்ட பெயரை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, திறந்து பார்த்துப் பெயர் வைக்க வேண்டியதுதான். கேள்விக்குறி இல்லாமல் விநோத எழுத்துகளாக இருந்தால் வின்ராரின் ‘ஒப்ஷன்ஸ்’ பட்டியலில் ‘நேம் என்கோடிங்’ என்பதை யூடிஎஃப்-8 ஆக மாற்றிப் பாருங்கள், பல வேளை சரியாகும்.

வேர்ட் கோப்புக்குள் தமிழ் தெரியாதது இதிலிருந்து வேறு, அதற்கும் பொதிக்கும் சம்பந்தமே இல்லை. நம் நாட்டில் பல வருடங்களாக வினாத்தாள்கள் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அது யூனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது நிறுவப்படாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். உங்கள் கோப்பில் அப்படித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பாமினிதான். எழுத்துருக் கோப்பை வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டோல்’ கொடுங்கள், வேர்டை மூடித் திறங்கள், தமிழ் வந்துவிடும். சிங்கள மொழித் தாள்களில் ‘எஃப்எம் அபயா’ இதே வேலையைச் செய்திருக்கும். பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் உண்டு. ஆனால் வினாத்தாள் முழுவதையும் அதில் போட்டால், நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் அலகுகளும் சமன்பாடுகளும் தமிழெழுத்தாக மாறிச் சிதையும். விஞ்ஞானத் தாளுக்கு அது உதவாது. எழுத்துருவை நிறுவி, பிடிஎஃப் ஆகச் சேமித்து, அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். போனில் பாமினி இல்லாவிட்டாலும் பிடிஎஃப் சரியாகத் தெரியும்.

உண்மையிலேயே துண்டு துண்டாக வெட்டிய பொதிகளும் உண்டு. ‘பார்ட்1’, ‘பார்ட்2’ என்று வந்து ராரில் முடிபவை, அல்லது 001, 002 என்ற எண்ணிலேயே பெயர் முடிபவை. டிரைவின் பொதியில் எண்ணுக்குப் பின் ஸிப் என்று இருக்கும். இவற்றில் அந்த எண்ணே பெயரின் முடிவு. இவை எல்லாம் ஒரே போல்டரில், ஒரே பெயரில், ஒன்றுகூடக் குறையாமல் இருக்க வேண்டும். முதல் துண்டை மட்டும் திறந்து பிரியுங்கள், மற்றவற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டை இரண்டு தடவை இறக்கியதால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்ந்திருந்தால், அந்தத் துண்டைக் காணவில்லை என்று நிற்கும், அந்த அடைப்புக்குறியையும் 1ஐயும் அழியுங்கள். கடைசித் துண்டைத் தவிர எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அளவு குறைந்து நிற்கும் துண்டு எதுவோ அதை மட்டும் மீண்டும் இறக்கினால் போதும்.

‘சிஆர்சி’ (உள்ளடக்கம் மாறியதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பிழை என்று வந்தால், அளவு சரியாக இருந்தும் உள்ளே சில பைட்டுகள் மாறிவிட்டன. தளத்தில் ‘ஷா-256’ என்று நீளமான எண்ணெழுத்து வரிசை கொடுத்திருந்தால், கோப்பை வலது கிளிக் செய்து, 7-ஸிப் சேர்த்த ‘சிஆர்சி ஷா’ என்ற பட்டியலில் ஷா-256 எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் மீண்டும் இறக்க வேண்டும். வரிசை எதுவும் இல்லையென்றால் 7-ஸிப்பின் ‘டெஸ்ட் ஆர்க்கைவ்’ பிரிக்காமலே பொதியைச் சோதித்துச் சொல்லும். பென்டிரைவில் எடுத்து வந்த பிறகுதான் பிழை வருகிறதென்றால் பென்டிரைவைச் சந்தேகியுங்கள். மீண்டும் இறக்க வழியே இல்லாத பொதிக்கு வின்ராரின் ‘ரிப்பேர்’ கடைசி வழி. கட்டியவர் மீட்புப் பதிவு, அதாவது பழுதைச் சரிசெய்ய உதவும் மேலதிகத் தரவு, சேர்த்திருந்தால் ரார் மீளும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. ஸிப்பில் பட்டியலை மட்டும் புதிதாகக் கட்டித் தரும், வராத பகுதி வராது.

பாஸ்வேர்ட் கேட்கும் பொதிகளை டியூஷன் வகுப்புகள் அதிகம் தருகின்றன. சரியான பாஸ்வேர்ட் கொடுத்தும் விண்டோஸ் மறுத்தால் அந்த ஸிப் ‘ஏஇஎஸ்’ என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டியது. விண்டோஸ் 10க்கு அது தெரியாது, 7-ஸிப்பில் திறக்கும். வட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது முன்னாலோ பின்னாலோ ஒரு வெற்றிடம் சேர்ந்துவிடுவதும், விசைப்பலகை தமிழில் நிற்பதும் அடிக்கடி நடப்பவை. பாஸ்வேர்ட் தெரியாவிட்டால் பொதியைக் கட்டியவரிடம் கேளுங்கள். பாஸ்வேர்ட் தருகிறோம், இந்தப் படிவத்தை நிரப்புங்கள், இந்தச் செயலியைப் போடுங்கள் என்று சொல்லும் தளங்கள் எல்லாம் மோசடி.

ஆபத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். விண்டோஸ் கோப்புப் பெயரின் முடிவை இயல்பாக மறைத்து வைக்கிறது. அதனால் ‘வினாத்தாள் பிடிஎஃப்’ என்று தெரிவது உண்மையில் ‘பிடிஎஃப்’ என்பதற்குப் பின்னால் ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் நிரலாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ பட்டியலைத் திறந்து ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதில் சரியடையாளம் போடுங்கள், இன்றே செய்யுங்கள். வினாத்தாள் பொதிக்குள் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஏடி, ஜேஎஸ், எல்என்கே என்று முடியும் எதுவும் இருக்கத் தேவையில்லை. போனுக்கு வந்த பொதிக்குள் ஏபிகே இருந்தாலும் அதே முடிவுதான், தொடாதீர்கள். சந்தேகமான பொதியை ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் 650 எம்பி வரை ஏற்றிப் பல வைரஸ் எதிர்ப்பிகளால் ஒரே தடவையில் சோதிக்கலாம். ஆனால் ஏற்றினால் அது மற்ற ஆய்வாளர்களுக்கும் போகும். பிள்ளைகளின் பெயர், சுட்டெண் உள்ள பெறுபேற்றுக் கோப்புகளை அங்கே ஏற்றக்கூடாது.

பழைய வின்ரார் இருக்கும் கணினிகளில் இன்னொரு ஓட்டை உண்டு. பொதிக்குள் இருந்த பிடிஎஃபை மட்டும் திறந்தாலும் மறைந்திருந்த நிரல் ஓடும் குறை ஒன்று 2023 ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. பிரிக்கும்போது நாம் காட்டாத இடத்தில் கோப்பை எழுதும் வேறொரு குறை 2025 ஜூலையில் வந்த 7.13இல் அடைக்கப்பட்டது. இரண்டையும் திருடர்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்கள். வின்ராரும் 7-ஸிப்பும் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதில்லை. வருடத்தில் இரண்டு தடவையாவது புதிய பதிப்பை நாமே இறக்கிப் போட வேண்டும். டவுனில் கடை வைத்திருப்பவர்களும் இதைப் பார்த்தால், ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘அபவுட்’ திறந்து உங்கள் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள். ஊர்ப் பிள்ளைகளின் பென்டிரைவ் எல்லாம் வந்து போகும் கணினி அது.

கடைசியாக, இவற்றை நீங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பும்போது மீண்டும் ஸிப்பாகக் கட்டி அனுப்பாதீர்கள் டீச்சர். ஸ்கேன் செய்த பிடிஎஃபும் வீடியோவும் படமும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஸிப் கட்டினால் அளவு குறைவது மிகச் சொற்பம். ஆனால் 40 தாளை ஒரே பொதியாக அனுப்பினால், ஒரு தாள் மட்டும் வேண்டிய பிள்ளையும் முழுப் பொதியை இறக்க வேண்டும், பாதியில் நின்றால் எதுவும் கிடைக்காது. வட்ஸ்அப்பில் ‘டொகியூமன்ட்’ வழியாக ஆண்டு வாரியாகத் தனித்தனிப் பிடிஎஃபாக, ஆங்கிலத்தில் சுருக்கமான பெயரோடு போடுங்கள். ஸ்கேன் பிடிஎஃப் பெரிதாக இருந்தால் 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்ததை 150க்குக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். டேட்டா உண்மையில் மிச்சமாவது அங்கேதான். வீடியோக்களை ஒரு பென்டிரைவில் வைத்து வகுப்பில் கைமாற்றிவிடுங்கள். அதற்கு முன் எக்ஸ்ஃபட் ஆக ஃபோர்மட் செய்து, ஒரு தடவை வைரஸ் சோதனையும் செய்துவிடுங்கள்.